ஒரு மணி நேரம் ஜெபிக்க முடியவில்லை, என் விசுவாசம் போய்விட்டதா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். வயது 34. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கணவருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாலு வயதில் ஒரு பையன். ஊரில் இருந்தவரை சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் அப்பா பாயை விரித்து எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார், ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். இப்போது வேதத்தைத் திறந்தே பல வாரம் ஆகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருட வாசிப்பு அட்டவணை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுகிறேன். நாலு மணிக்கு அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்குகிறேன். முழங்கால் போட்டாலும் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. போன மாதம் கன்வென்ஷனில் பேசிய ஒரு ஊழியர், தினமும் ஒரு மணி நேரமாவது ஜெபிக்காதவர் வீட்டில் பிசாசு குடியிருப்பான் என்றார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பு அப்பா ஐசியூவில் இருந்து இறந்துபோனபோது உபவாசம் இருந்து ஜெபித்தவள்தான் நான். விசுவாசக் குறைவு என்று சிலர் சொன்னார்கள். என் விசுவாசம் போய்விட்டதா? தினமும் என்ன செய்தால் திரும்ப வரும்? இன்னொரு சந்தேகம்: நைட் டியூட்டியில் கஷ்டப்படும் நோயாளிகளுக்காக, அவர்கள் வேறு மதமாக இருந்தாலும், ஜெபிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விசுவாசம் போகவில்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறானே, சிறு வயது முதல் அவதிப்படும் மகனைக் கூட்டிக்கொண்டு. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம், அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. முதலில் போய் உன் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவன் பையனைச் சுகமாக்கினார். உங்கள் கடிதமும் ஏறக்குறைய அந்தத் தகப்பன் சொன்ன வார்த்தைதான்.

அடுத்து அந்த ஒரு மணி நேரம். இதைப் பிரசங்கிப்பவர்கள் வழக்கமாக எடுப்பது மத்தேயு 26:40, கெத்செமனே தோட்டத்தில் "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" என்று இயேசு கேட்டது. சரி, அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவர்களுடைய அசதியை அவரே புரிந்துகொண்டு பேசுகிறார். மறுபடியும் வந்து பார்க்கிறார், மறுபடியும் தூங்குகிறார்கள், எழுப்பித் திட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தனியாக ஜெபிக்கிறார். அந்த இரவில் தூங்கிய பேதுருதான் சில வாரம் கழித்து பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்தவர். தூங்கிவிட்டதற்காக யார் வீட்டிலும் பிசாசு குடியேறவில்லை. ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அப்படி ஜெபிக்க முடிகிற காலம் உங்களுக்கும் வரலாம். ஆனால் நைட் டியூட்டி முடித்து வந்து, பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டி, துணி துவைத்துவிட்டுப் படுக்கும் ஒரு பெண்ணை நேரக் கணக்குச் சொல்லிப் பயமுறுத்துவது ஊழியம் ஆகாது. இதை ஒரு ஆயராகப் பொறுப்போடு சொல்கிறேன்.

இனி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். தினமும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கோ அப்பா இறந்ததைப் பற்றிய அந்த வரியில்தான் கண் நின்றது. உபவாசம் இருந்தீர்கள், கெஞ்சினீர்கள், அவர் இறந்துவிட்டார், மேலே சபையில் சிலர் விசுவாசக் குறைவு என்று வேறு சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு முழங்கால் போட்டால் வார்த்தை எப்படி வரும்? நீங்கள் சோம்பேறி ஆகிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றை அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் பேசப் பார்க்கிறீர்கள். யாரிடமாவது மனவருத்தம் இருக்கும்போது சாப்பிட்டீர்களா, சௌக்கியமா என்று மட்டும் பேசிப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடாது.

மார்த்தாளும் மரியாளும் என்ன செய்தார்கள் பாருங்கள். லாசரு இறந்து நாலாம் நாள் இயேசு வருகிறார். மார்த்தாள் எதிரே போய் "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பின்னாலேயே மரியாள் வந்து காலில் விழுந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். வரவேண்டிய நேரத்தில் நீர் வரவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "இயேசு கண்ணீர்விட்டார்" என்று யோவான் எழுதியிருப்பது அந்த இடத்தில்தான். லாசரு எழுந்தான், உங்கள் அப்பா எழுந்திருக்கவில்லையே என்று நீங்கள் கேட்டால் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சத்தமாக, அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லுங்கள்.

விசுவாசக் குறைவு என்று சொன்னவர்களுக்கு ஒரு பதில் வேதத்திலேயே இருக்கிறது. துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகும், அதற்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் குடி என்ற கைவைத்தியம். பவுலுக்கா விசுவாசம் குறைவு? உங்கள் அப்பாவின் மரணத்துக்கு உங்கள் ஜெபம் காரணமில்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கிற நீங்கள் இதை யாரையும்விட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் துக்கத்தில் இருக்கும்போது யார் குற்றம் சாட்டினாலும் மனசு ஒப்புக்கொண்டுவிடும்.

இப்போது தினப் பழக்கத்துக்கு வருவோம். ஒரு வருட அட்டவணை ஏன் பாதியில் நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரம். தினமும் மூன்று நாலு என்று வாசித்தால்தான் டிசம்பரில் முடியும். காத்திருப்பு ஆராதனை முடிந்து ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பித்தால், கதை கதையாகப் போவதால் முதல் மூன்று வாரம் சுகமாக ஓடும். மாதக் கடைசியில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் வரும், ஆசரிப்புக்கூடாரத்தின் பலகை, திரை, கொளுவி, முழக்கணக்கு. அதைத் தாண்டினால் லேவியராகமம், பலிகளின் முறை. அங்கே இரண்டு நாள் விட்டால் ஏழெட்டு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் இருபதுக்கு மேல், அப்புறம் வேதத்தைப் பார்த்தாலே கடன்காரன் வாசலில் நிற்பது போல ஆகிவிடும். சபையில் மிகப் பெரும்பாலோர் விடுகிற இடம் இதுதான், நீங்கள் மட்டுமில்லை.

உங்களுக்குத் தேவை, பாக்கி விழாத ஒரு முறை. அதனால் தேதியைப் பாருங்கள், அந்த எண்ணுள்ள சங்கீதத்தை வாசியுங்கள். இன்று 13ஆம் தேதி என்றால் 13ஆம் சங்கீதம். அடுத்த மாதம் தேதியோடு முப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள், 43. அதற்கடுத்த மாதம் 73, பிறகு 103, பிறகு 133. ஐந்து மாதத்தில் நூற்றைம்பதும் வந்துவிடும். நாலு நாள் விட்டுப்போனால் விட்டதுதான், ஐந்தாம் நாள் அன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள், பழையதைத் தேடிப் போக வேண்டாம். 119 மட்டும் 176 வசனம், அதை ஒரே நாளில் வாசிக்கப் பார்க்காதீர்கள், 31ஆம் தேதி வரும் மாதங்களில் எட்டெட்டு வசனமாக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் முப்பது நாளில் சங்கீதம் முழுவதையும் காலை மாலை என்று பிரித்து வாசிக்கும் ஒழுங்கு பல நூற்றாண்டுகளாக இருக்கிறது, நம் திருநெல்வேலிச் சபைகளுக்கும் அந்தப் பரம்பரை உண்டு. நான் சொல்வது அதன் எளிய வடிவம்.

ஏன் சங்கீதம் என்றால், உங்களுக்கு வார்த்தை வராத காலத்தில் அது வார்த்தை கொடுக்கும். நூற்றைம்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்தான். 13ஆம் தேதி "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று வாசிப்பீர்கள். 22ஆம் தேதி "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?". மறுநாளே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". மூன்றாம் மாதம் 28ஆம் தேதி வரும் 88ஆம் சங்கீதம் இருக்கிறதே, அது இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. அதையும் பரிசுத்த வேதம் என்றுதான் சபை இத்தனை நூற்றாண்டும் வாசித்து வந்திருக்கிறது. மனசுக்குள் இருப்பதை மறைத்துவைத்து அலங்காரமாகப் பேசினால்தான் ஜெபம் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 88ஐ ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், அந்த எண்ணம் போய்விடும்.

நேரத்தைப் பற்றி. மாதத்தில் சில நாள் மார்னிங், சில நாள் ஈவினிங், சில நாள் நைட் என்று மாறுகிற உங்களுக்கு நாலு மணி அலாரம் ஒத்துவரவே வராது. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்பது உண்மை. சாயங்காலமானபோது தனியே மலையில் ஜெபித்ததும், இரா முழுவதும் ஜெபித்ததும் உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நாள் தொடங்குவதே சாயங்காலத்தில்தான், "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று". எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்டாக இருந்தாலும் தப்பாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிடுங்கள்.

உதாரணத்துக்கு, டியூட்டிக்குள் நுழைந்ததும் கை கழுவுவீர்கள். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்று உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாகத் தேய்த்து முடிப்பதற்குள் பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒரு தடவை மனசுக்குள் சொல்லிவிடலாம். ஷிப்டில் எத்தனையோ தடவை கை கழுவுவீர்கள், எல்லாவற்றோடும் இதைச் சேர்க்க வேண்டாம், பாரமாகிவிடும். முதல் தடவை மட்டும். இரண்டாவதாக, படுக்கப் போகும் முன் தேதிச் சங்கீதம், அது இரவு பத்து மணியானாலும் சரி, நைட் முடிந்து வந்த காலை ஒன்பது மணியானாலும் சரி. அவ்வளவுதான். குறைந்தது மூன்று மாதத்துக்கு இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள், உற்சாகம் வந்தாலும் சேர்க்காதீர்கள். உற்சாகத்தில் நாம் ஏற்றி வைக்கிற பாரத்தைத்தான் பிறகு தூக்க முடியாமல் மொத்தமாகக் கீழே போட்டுவிடுகிறோம். வனாந்தரத்தில் மன்னாவும் அன்றன்றைக்குத்தான் விழுந்தது. மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்திலும் அன்றைய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம்.

அப்போதும் ஒன்றும் உணர முடியவில்லையே என்பீர்கள். நோயாளி பார்க்க நன்றாக இருக்கிறார் என்பதற்காக பிபி, டெம்பரேச்சர் பார்க்காமல் விட்டுவிடுவீர்களா? நேரம் வந்தால் பார்த்துச் சார்ட்டில் எழுதுகிறீர்கள், ஜெபமும் அப்படி இருக்கட்டும், உணர்ச்சி வரும்போது வரும். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் தேவனுடைய பிரசன்னத்தை உணர முடியாத இருளில் இருந்ததாகத் தம் ஆலோசகர்களுக்கு எழுதியிருக்கிறார். அத்தனை வருடமும் விடியற்காலை ஜெபத்தையும் திருப்பலியையும் விடவில்லை, தெருவில் கிடந்தவர்களைத் தூக்குவதையும் விடவில்லை. அவரை விசுவாசம் இல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று நீங்கள் தனியாக இதைச் செய்யக் கூடாது. ஊரில் அம்மா இருக்கிறார்களா? கடிதத்தில் எழுதவில்லை, இருக்கிறார்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். பாயில் உட்கார்ந்து வசனம் வசனமாக மாறி மாறி வாசித்த வீடு, அப்பா போன பிறகு அந்த நேரத்தில் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் வீட்டில் இருக்கும் சாயங்காலங்களில், ஊரில் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுங்கள். ஒரு சின்னச் சங்கீதத்தை, ஒரு வசனம் நீங்கள், ஒரு வசனம் அம்மா என்று வாசியுங்கள். 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள் இதற்கு ரொம்பப் பொருத்தம், ஒன்றிரண்டு தவிர எல்லாமே சின்னவை. முடிவில் அம்மாவை ஜெபிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும். பையன் பக்கத்தில் இருந்தால் போனைப் பிடுங்கத்தான் செய்வான், பரவாயில்லை, அவனும் ஆமென் சொல்லட்டும். நமக்குச் சொந்தமாக ஜெபிக்கத் திராணி இல்லாத நாட்களில் வேறொருவர் ஜெபத்துக்குள் போய் நின்றுகொள்வதற்குத்தான் சபையும் குடும்பமும்.

ஞாயிறு ஆராதனையும் அப்படித்தான். முதல் ஆராதனைக்குப் போக முடியாவிட்டால் சாயங்கால ஆராதனைக்குப் போங்கள், மாதம் ஒரு தடவையாவது திருவிருந்துக்கு. எழுதி வைத்த ஜெபத்தை வாசிப்பது என்ன ஜெபம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. நாக்கு வறண்ட காலத்தில் அந்தப் பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் வாட்ஸாப்பில் வந்து விழும் வாக்குத்தத்த வசனப் படங்களை ஆமென் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது வேத வாசிப்பு ஆகாது. பஸ்ஸில் போகும்போது ஆடியோ வேதம் கேட்பது ஆகும், தாராளமாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊர்ப் பாட்டிமார் சங்கீதங்களைக் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆனால் படுக்கும் முன் சங்கீதம் மட்டும் அச்சிட்ட வேதத்தில் வாசியுங்கள், போனைத் திறந்தால் கை வேறெங்கோ போய்விடும்.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இது சின்ன விஷயமில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் வந்து ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான், எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார், தூதன் இரண்டாம் முறையும் அதையே சொன்னான். நைட் முடிந்து வந்தால் தூங்குங்கள், தூங்குவதற்காகக் குற்ற உணர்ச்சிப்படாதீர்கள். ஜெபத்தில் மட்டுமில்லாமல் சாப்பாட்டிலும் பிள்ளையோடு விளையாடுவதிலும் எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லாமல் இருந்தால், படுத்தாலும் தூக்கம் வராவிட்டால், அது விசுவாசப் பிரச்சினை இல்லை, மன அழுத்த நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்) 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் இன்றைக்கே பேசுங்கள், கணவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நோயாளிகளுக்காக ஜெபிக்கலாமா என்ற கேள்வி. கட்டாயம் ஜெபிக்கலாம், எந்த மதமானாலும். ஆனால் உங்கள் மனசுக்குள். அவர்கள் கேட்காமல் சத்தமாக ஜெபிப்பதோ, கையில் கைப்பிரதி கொடுப்பதோ வேண்டாம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர் உங்களைத்தான் நம்பி இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லவும் தயங்குவார், அந்த நிலையை நாம் பயன்படுத்தக் கூடாது. அவராகவே, சிஸ்டர் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டால், இரண்டு வரியில் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அவர் தன் சாமியைக் கும்பிட விபூதியோ தஸ்பீஹ் ஜெபமாலையோ எடுத்துத் தரச் சொன்னால் அதையும் எடுத்துக் கொடுங்கள். 134ஆம் சங்கீதத்தை ஒருமுறை பாருங்கள், மூன்றே வசனம்தான், "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று நைட் டியூட்டிக்காரர்களைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. வார்டில் ஒவ்வொரு படுக்கையாகப் போய் டிரிப் ஓடுகிறதா, போர்வை விலகியிருக்கிறதா என்று பார்க்கும்போது அந்தப் படுக்கைக்காரருக்காக, ஆண்டவரே இவருக்கு இரங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போங்கள்.